கொட்டாவிப்புலத்துப் புரோக்கரும் லவால் வீடும்

மகன் நிரோஷனுக்கு,

சித்தப்பா சுகமாக இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் காரணம் நீதான். "சித்தப்பா, நீங்கள்தான் எங்கட குடும்பத்திலயே எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாக்கிற ஆள். நல்ல ஃபொரெக்ஸ் புரோக்கர் ஒண்டைச் சொல்லுங்கோ, ஒரே ஒரு பேர் போதும்" என்று போன மாதம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாய். டொலரை வாங்கி யூரோவை விற்று, யூரோவை வாங்கி யென்னை விற்று, வீட்டுக் கதிரையில் இருந்தபடியே உழைக்கப்போகிறாயாம். அதற்கு இன்டர்நெற்றில் ஒரு கணக்குத் திறக்கவேண்டுமாம். அந்தக் கணக்கை வைத்திருக்கும் கொம்பனிதான் புரோக்கராம். ஒரே ஒரு பேர்! அந்த ஒரு பேரைத் தேடிப் புறப்பட்ட நாளிலிருந்து என் தலையில் மிச்சமிருந்த கறுப்பு முடிகள் எல்லாம் கூட்டமாக ராஜினாமாச் செய்துவிட்டன. உலக யுத்தங்களுக்குக்கூட ஒரு முடிவு வந்தது. உன் கேள்விக்கு வரவில்லை.

கடிதம் தமிழில் இருக்கிறது என்று நீ முகத்தைச் சுளிப்பது மொன்றியலின் இந்தப் பக்கத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நீ தமிழ் கதைப்பாய், கலியாண வீட்டில் தமிழில் பகிடியும் விடுவாய், ஆனால் எழுத்தென்றால் உனக்குப் பிரெஞ்சுதான். போனைக் காட்டி மொழிபெயர்க்கலாம் என்று கனவு காணாதே. என் கையெழுத்தைக் கண்டால் அந்தப் போன் தானாக அணைந்து, பேந்து எழும்பவே எழும்பாது. இதை வாசிக்கக்கூடிய ஒரே சீவன் உன் மனுசி தர்ஷினிதான். யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் நின்று டொக்டர்மாரின் கிறுக்கலை எல்லாம் வாசித்துக் கரை கண்டவள். ஆகவே, பிள்ளை தர்ஷினி, கதிரையில் வசதியாக இருந்து சத்தமாக வாசி. இவன் பக்கத்தில் இருக்கட்டும். நடுவில் எங்கேயாவது இவன் கையை நீட்டினால் கடிதத்தைக் கொடுத்துவிடாதே. லவாலில் நீங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பேந்து வரும். பொறுமையாக இரு.

மகன், நீ என்னிடம் கேட்டதில் பிழையில்லை. வெங்காயம் வாங்க நான் ஜோன் தலோன் தெருவில் ஏறி இறங்காத கடையில்லை. ஒரு குளிர்ச்சட்டை வாங்க வெளிக்கிட்டு, விலை ஒப்பிட்டு முடிய வெயில்காலம் வந்து, சட்டை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினவன் நான். உன் சித்தி இதை ஒரு வருத்தம் என்றே வீட்டு டொக்டரிடம் சொல்லியிருக்கிறா. ஆனால் இதை நான் எங்கே படித்தேன் என்று உனக்குத் தெரியுமோ? உன் அப்பாவிடம்தான். அவர் செய்ததை எல்லாம் பார்த்து, அதற்கு நேர்மாறாகச் செய்து படித்தேன்.

அண்ணை தங்கமான மனிதர். கண் மூடும்வரைக்கும் ஆக்களை எடை போட அவரிடம் ஒரேயொரு தராசுதான் இருந்தது. "தம்பி, ஊரில எவடம்?" அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு வந்து அவர் வாங்கின முதல் காருக்கும் அந்தத் தராசைத்தான் தூக்கினார். விற்க வந்தவன் எங்கள் பக்கத்து ஊரின் பேரைச் சொன்னான். அண்ணையின் முகம் கோயில் கோபுரம் மாதிரி வெளிச்சமாகிவிட்டது. "அப்ப நீர் சங்கக்கடை மனேச்சற்ற மருமோனெல்லே?" என்றார். பார், கேள்வியும் அவரே, விடையும் அவரே. அவன் "ஓமண்ணை" என்றான், முடிந்தது கதை. ஒருவரும் காரின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பார்க்கவில்லை. மனேச்சரின் சுகத்தை விசாரித்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், காசைக் கொடுத்தார்கள். முதல் ஸ்னோ விழுந்த அன்று லவாலுக்குப் போகிற பாலத்தில் அந்தக் கார் உயிரை விட்டது. உன் அம்மா பட்டுச்சேலைக்குக் கீழே ஸ்னோ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்று தள்ள, நீ பின் சீற்றில் இருந்து கைதட்டிச் சிரித்தாய். பின்னால் நின்ற கார்கள் அடித்த ஹோர்ன் வட துருவத்துக் கரடிகளை எல்லாம் எழுப்பியிருக்கும். உறவு நன்றாகத்தான் ஓடிற்று. கார்தான் ஓடவில்லை. அண்ணையோ கடைசி வரைக்கும் என்ன சொன்னார் தெரியுமோ? "ஆள் நல்ல குடும்பம். கார்தான் கொஞ்சம் சரியில்லை."

சரி, புரோக்கர்மாரிடம் வருகிறேன். ஒப்பிட்டுச் சொல்லும் இணையத்தளங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, ஆகா, என்னைப்போல ஆக்கள் உலகத்தில் இன்னும் இருக்கிறார்கள் என்று ஆனந்தக் கண்ணீர் விட்டபடி உள்ளே போனேன். ஒரு தளத்தில் முதலாம் இடம் பிடித்தவன் அடுத்த தளத்தில் பேரே இல்லாமல் கிடக்கிறான். அந்தத் தளத்தில் முதலாம் இடம் பிடித்தவனை மூன்றாவது தளம் கள்ளன் என்கிறது. அடியில், எறும்பு கண்ணாடி போட்டு வாசிக்கிற அளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்தக் கொம்பனிகளிடம் நாங்கள் காசு வாங்குகிறோம் என்று. மாப்பிள்ளை வீட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிற ஆக்கள், மகன்! இவர்களை நம்பியா நான் அரை மாதத்தைப் பாழாக்கினேன்?

பேந்து நானே ஒவ்வொரு கொம்பனியாகக் கிண்டினேன். எயார்போட்டில் காசு மாற்றப்போனால் வாங்குகிற விலை ஒன்று, விற்கிற விலை ஒன்று எழுதியிருக்குமே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அவர்களுடைய சோறு. இதற்கு ஸ்ப்ரெட் என்று பேர். ஒருத்தன் "எங்களிடம் ஸ்ப்ரெட்டே இல்லை" என்று மார் தட்டுகிறான். ஆகா தருமராசா என்று கிட்டப் போனால், ஒவ்வொரு தடவைக்கும் கொமிஷன். இன்னொருத்தனிடம் கொமிஷன் இல்லை, ஆனால் வாங்கினதை ராத்திரி வைத்திருந்தால் அதற்கு ஒரு கட்டணம். காசு நித்திரை கொள்வதற்கு வாடகை! மூன்றாமவன் கணக்கைச் சும்மா வைத்திருந்தால் தண்டம் என்கிறான். நாலாமவன் காசு போட்டால் மேலதிகமாக அன்பளிப்புக் காசு தருகிறான். ஆனால் அதைத் தொட்டால், மலையளவு வியாபாரம் செய்து முடிக்கும்வரைக்கும் உன் சொந்தக் காசையும் வெளியில் எடுக்க ஏலாது. எல்லாவற்றிலும் மோசமானது இந்த மடங்குக் கதை. உன் ஒரு டொலரை ஐந்நூறு டொலராகப் பாவித்து விளையாட விடுவார்களாம். சந்தோசமாகத்தான் இருக்கும், விலை உன் பக்கம் போகும் மட்டும். ஒரு கொசு தும்மின அளவு விலை மறுபக்கம் சாய்ந்தால் உன் டொலர் காற்று. நான் பொய்க்காசில் பழகிப் பார்க்கிற கணக்கு ஒன்று திறந்தேன். காலமை கதிரையில் இருந்தவுடன் லவாலையும் மொன்றியலையும் சேர்த்து வாங்கி, நடுவில் ஓடுகிற ஆற்றுக்கும் விலை பேசுகிற அளவுக்குப் பணக்காரன் ஆகினேன். தேத்தண்ணிக்குச் சீனி போட எழும்பிப்போய் வந்து பார்த்தால், என்னிடம் அந்தத் தேத்தண்ணி மட்டும்தான் மிச்சம்.

இதற்குள் என் ரெலிபோன் நம்பரை ஒரு தளத்தில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான், பூமியில் இருக்கிற அத்தனை கொம்பனிகளும் எனக்கு மருமக்கள் ஆகிவிட்டன. சலூனில் முகத்தில் சவர்க்கார நுரையோடு இருக்கும்போது ஒருவன் ரெலிபோன் அடிக்கிறான். மெற்றோவில் ஒருவன். செத்த வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஒருவன் அடித்து, இன்றைக்குத் தங்கம் எழும்பப்போகிறது என்கிறான். படுத்திருந்த ஆளே எழும்பிவிடுவார் போலிருந்தது. எரிச்சலில் நான் போனை ஓவ் பண்ணப் போகும்போதுதான் உன் செய்தி வந்தது: "சித்தப்பா, ரஞ்சன் அண்ணை எண்டு ஒருத்தர், எங்கட ஊர் ஆள், ஒரு புரோக்கர் கொம்பனியில மனேச்சர். அவரையும் ஒருக்கால் பாருங்கோ." மொன்றியலில் பிறந்து, ஊருக்கு ஒரே ஒரு தடவை போய், நுளம்பு கடித்து அழுதபடி திரும்பி வந்தவன் நீ. "எங்கட ஊர் ஆள்" என்கிறாய்! அண்ணையின் தராசு உன் கையில் இருக்கிறதைக் கண்டதும் எனக்கு அந்தப் பாலத்தின் குளிர் காலில் ஏறிற்று.

ரஞ்சனுக்கு அடித்தேன். தேன் குரல், மகன். ரெலிபோனுக்குள்ளால் எறும்பு வரும் போலிருந்தது.

"வணக்கம் அண்ணை! நிரோஷன்ர சித்தப்பாவே? அப்ப எனக்கும் சித்தப்பாதான்."

"சந்தோசம் தம்பி. உங்கட கொம்பனி எங்க பதிஞ்சிருக்கு?"

"அதுகளைப் பேந்து கதைப்பம் அண்ணை. நீங்களும் நிரோஷன்ர அப்பான்ர ஊர்தானே?"

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு பெரிய கொட்டாவி வந்தது. அதோடு சேர்ந்து என் பழைய குரங்குப் புத்தியும் எழும்பிவிட்டது. "பிறந்தது அங்கதான் தம்பி. கலியாணம் கட்டிப் போனது கொட்டாவிப்புலம்" என்றேன்.

"கொட்டாவிப்புலமோ! என்ன அண்ணை நீங்கள், அது என்ர அம்மான்ர ஊரெல்லே!"

"மெய்யே? அதில எவடம்?"

"அந்தப் பிள்ளையார் கோயிலடி."

"கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளையாரோ?"

"ஓமோம், அவர்தான். அதுக்குப் பின்னால ரெண்டாம் ஒழுங்கை. ரெயில்வே ஸ்டேசன் இருக்கெல்லே, சின்னனில அதிலதான் நாங்கள் விளையாடுறனாங்கள்."

ஸ்டேசனை நான் சொல்லவேயில்லை, மகன். அதை அவனே கட்டினான். சந்திரனில்கூட இதைவிட உண்மையான ஊர் இருக்கும்! யாழ்ப்பாணத்தை அங்குலம் அங்குலமாகத் தோண்டினாலும் கொட்டாவிப்புலம் கிடைக்காது, ஏனென்றால் அதை அந்தக் கொட்டாவியில்தான் நான் பெற்றெடுத்தேன். ஆனால் அவன் கதைத்த உருக்கத்தில் ஒரு நிமிடம் எனக்கே அந்த ஊர்த் தேர்முட்டி ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு அன்பான மனிதன் மற்றக் கேள்விகளுக்கு என்ன சொல்லுகிறான் என்று பார்ப்போம் என்று கேட்டேன். கொம்பனி பதிந்திருப்பது ஒரு தீவிலாம். அதைப் பூமிப்படத்தில் தேடினபோது, நான் முதலில் இலையான் பறந்து வந்து குந்தின அடையாளம் என்று நினைத்துத் துடைக்கப் பார்த்தேன். கியூபெக்கில் பதிவு உண்டோ என்றேன்.

"கியூபெக் கொஞ்சம் கரைச்சல் அண்ணை. அவங்கள் அது இது எண்டு ஆயிரம் பேப்பர் கேப்பாங்கள். தரொண்டோவில உங்களுக்குச் சொந்தக்காரர் இருக்கினம்தானே? அவையின்ர விலாசத்தைப் போடுங்கோ. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான்."

"காசு கொம்பனிக்கு எப்பிடி அனுப்புறது?"

"என்ர பேருக்கே அனுப்பிவிடுங்கோ, நான் போட்டுவிடுறன். நாங்கள் ஒரு ஊர் ஆக்கள்தானே அண்ணை."

இந்தக் கதையை எல்லாம் தூக்கிக்கொண்டு போன ஞாயிறு மத்தியானம் லாசாலில் உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். தர்ஷினி குசினியில் மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். ஒரு துண்டை எடுத்து என் கையில் தந்துவிட்டாள். நான் உன்னைப் பல்கனிக்கு இழுத்துப்போய், கொட்டாவிப்புலத்தை முழுதாகச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், பேந்து தலையில் கை வைப்பாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவர் வேற ஊரை நினைச்சிருப்பார் சித்தப்பா" என்றாய்.

கடவுளே! கலங்கரை விளக்கமும் ரெயில்வே ஸ்டேசனும் பிள்ளையாரும் ஒரே ஒழுங்கையில் இருக்கிற வேறு ஊர்! நான் பல்கனியால் குதித்திருப்பேன், கையில் மீன் இருந்தபடியால் விட்டேன். அதோடு நீ நிற்கவில்லை. படிவம் எல்லாம் நிரப்பி அனுப்பியாயிற்று என்றாய்.

"எந்த விலாசம் போட்டனி?"

"ஸ்கார்பரோ. தரொண்டோப் பெரியம்மான்ர."

"அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். எங்கட ஊர்ப் பொடியன் எண்டால் போடு மகன் எண்டவ."

குடும்பமே ஒரே தராசு! எவ்வளவு காசு போடப்போகிறாய் என்று கேட்டேன். லவால் வீட்டுக்குச் சேர்த்ததில் பாதிதான், வருகிற வெள்ளிக்கிழமை, என்றாய். பாதிதானாம்! வீட்டில் பாதியை எடுத்தால் மிச்சப் பாதியில் கூரை இராது, மகன். தர்ஷினிக்குத் தெரியுமோ என்று கேட்டேன். நீ கண்ணாடிக் கதவுக்குள்ளால் குசினியைப் பார்த்தாய். "ரெட்டிப்பா வந்தாப்பிறகு சொல்லி அவளுக்குச் சப்ரைஸ் குடுப்பம் சித்தப்பா. அதுமட்டும் நீங்கள் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ." நானும் மீனை வாயில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்கமாட்டேன் என்று தலையாட்டிச் சத்தியம் பண்ணினேன்.

பிள்ளை தர்ஷினி, இந்த இடத்தில் இவன் கடிதத்தைப் பறிக்கப் பார்ப்பான். ஒரு கையால் தள்ளிவிட்டு மற்றக் கையால் பிடித்துக்கொண்டு வாசி. இன்னும் கொஞ்சம்தான்.

மகன், கோபத்தில் நான் சும்மா இருக்கவில்லை. காசு வியாபாரம் செய்கிறவர்களைக் கண்காணிக்கிற அலுவலகம் ஒன்று இந்த மாகாணத்தில் இருக்கிறது. யார் பதிந்திருக்கிறான், யார் பதியவில்லை என்று யாரும் கேட்டுப் பார்க்கலாம். நான் தொழிற்சாலையில் பொறுக்கின பிரெஞ்சை எல்லாம் தூசு தட்டிக்கொண்டு அங்கே அடித்தேன். என் பிரெஞ்சைக் கேட்ட அந்தப் பெண்பிள்ளை தமிழ் படிக்கவே தீர்மானித்திருப்பாள், ஆனாலும் பொறுமையாகத் தேடினாள். அந்தக் கொம்பனிக்கு இங்கே பதிவில்லை. ரஞ்சன் என்றொரு மனேச்சருக்கும் இல்லை. வேறு மாகாணத்து விலாசம் போடச் சொன்னார்கள் என்றேன். அவள் அதை எழுதி எடுத்தாள். பேந்து, "மெசியு, காசு அனுப்பியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அனுப்பவேண்டாம்" என்றாள். நான் அரை மாதம் ஒப்பிட்டுப் பிடித்ததை அவள் ஒரு சொல்லில் சொல்லிவிட்டாள். எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

நீ கொஞ்சம் யோசித்துப் பார். ரஞ்சன் நாளைக்குப் போனை எடுக்காவிட்டால் நீ எங்கே போய் முறையிடுவாய்? இங்கே போனால், உன் கையெழுத்தே நீ ஸ்கார்பரோ ஆள் என்கிறது. அங்கே போனால், உன்னை அந்தத் தெருவில் பெரியம்மாவின் பூனைக்குக்கூடத் தெரியாது. அங்கே இருக்காத ஒருவன், எங்கேயுமே இல்லாத ஊர்க்காரன் ஒருவனின் கையில், லவாலில் கட்டி நிற்கிற உண்மையான வீட்டைக் கொடுக்கப் போகிறான். இதைத்தான் நான் உனக்குப் பல்கனியில் விளங்கப்படுத்தப் பார்த்தேன். உனக்கு ஏறவில்லை. காருக்கு மூடியைத் திறந்து பார்க்காத அண்ணையாவது நடந்து வீட்டுக்கு வந்தார். வீட்டை விட்டால் நீங்கள் இரண்டு பேரும் எங்கே நடந்து போவீர்கள்?

நீ கேட்ட அந்த ஒரே ஒரு பேர் இன்னும் என்னிடம் இல்லை. எவன் மலிவு என்று நான் ஒப்பிட்டதெல்லாம் பிறகு பார்க்கவேண்டிய விஷயம். முதலில் உன் சொந்த விலாசத்தில், உன் சொந்தப் பேரில், இங்கே பதிந்த இடத்தில் கணக்குத் திறக்க ஏலுமோ என்று பார். ஏலுமென்றால், ஒரு கலியாண வீட்டுக்கு என்வலப்பில் வைக்கிற காசைப் போட்டு, அடுத்த நாளே அதைத் திருப்பி எடுத்துப் பார். போடுகிற வாசல் எல்லா இடத்திலும் அகலம்தான். எடுக்கிற வாசலைப் பார்த்துத்தான் புரோக்கரை ஒப்பிடவேண்டும். அதற்கு மேலும் ஆசையிருந்தால் விளையாடு, அது உன் பாடு. ஆனால் அந்த வீட்டுக் காசில் பாதி உன்னுடையது இல்லை. அதைத் தொடமுதல் ஒரு ஆளிடம் கேட்கவேண்டும். அந்த ஆளுக்கு ஊர் எது என்று ஒருவரும் விசாரிக்கத் தேவையில்லை, உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உனக்குப் பண்ணின சத்தியத்தை நான் காப்பாற்றிவிட்டேன். வாயைத் திறக்கவேயில்லை. உனக்குத்தான் எழுதினேன். நீ வாசிக்கத் தெரியாதவன் என்றபடியால் அவள் வாசித்தாள், அவ்வளவுதான். பிள்ளை தர்ஷினி, தொண்டை காய்ந்திருக்கும், நீ இனி ஒன்றும் வாசிக்கவேண்டாம். இந்தக் கடைசி வரியை மட்டும் இவனுக்குச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து வை.

மகன், நிலத்தைப் பார்த்தது போதும். நிமிர்ந்து அவளைப் பார்த்து, நீயே சொல்லு.

சித்தப்பா